சொல்லும்போது புரிகிறது, எழுதும்போது காணாமல் போகிறது

வாசகர் கேள்வி:

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற வாரம் தொடக்கநிலை 5 மாணவர்களுக்கு வேற்றுமை உருபுகளை நடத்தினேன். இரண்டு இரவு கண்விழித்து 22 படவில்லைகள் தயாரித்திருந்தேன். எட்டு வேற்றுமைகளும் வண்ண அட்டவணையில், துள்ளும் கேலிச்சித்திரங்களோடு. பிள்ளைகள் ரசித்தார்கள், நன்றாகத் தலையாட்டினார்கள். பயிற்சித்தாளைக் கொடுத்ததும் பாதிப் பேர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கடைசி வரிசைப் பையன், "டீச்சர், நீங்கள் சொல்லும்போது புரிகிறது, எழுதும்போது காணாமல் போகிறது" என்றான். வகுப்பைப் பார்வையிட வந்த துறைத் தலைவர், "அறிதல் சுமை அதிகம்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாடத்தைக் குறைக்கச் சொல்கிறாரா? குறைத்தால் தேர்வுக்கு என்ன செய்வது? என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. இது அவர்களால் முடியாத காரியமா?
- ஓர் இளம் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

துறைத் தலைவர் எழுதியதை அந்தக் கடைசி வரிசைப் பையன் அவரைவிட நன்றாகச் சொல்லிவிட்டான். அவன் சொன்னதை ஒரு தாளில் எழுதி உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தைக் குறைக்க வேண்டாம். ஒரே நேரத்தில் பிள்ளையின் கையில் எத்தனை பொருளைத் திணிக்கிறோம் என்பதைக் குறைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது ஆசிரியர் பயிற்சியில் அல்ல, ஐம்பது வயதில் மாண்டரின் கற்கப் போய் அவமானப்பட்ட இடத்தில்.

வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் வாரம் ஒரு நாள் வகுப்பு. ஆசிரியை மிக அன்பானவர். பலகையில் ஓர் எழுத்தை எழுதினார். அதன் உச்சரிப்பு கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, பொருள் கடைசிப் பக்கத்தில். எந்தக் கோட்டுக்குப் பிறகு எந்தக் கோடு என்று கையால் காட்டிக்கொண்டே, எந்தத் தொனியில் சொல்ல வேண்டும் என்று வாயால் விளக்கினார். மாண்டரினில் நான்கு தொனிகள் உண்டு. 'மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் அம்மா, இன்னொரு தொனியில் சொன்னால் குதிரை. தொனியைப் பிடித்தேன், கோடு நழுவியது. கோட்டைப் பிடித்தேன், பொருள் நழுவியது. கையேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தபோது பலகையில் வேறோர் எழுத்து இருந்தது. "புரிகிறதா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அதுவரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு, தலையாட்டும் பிள்ளைகளை நம்பி அடுத்த பாடத்துக்குப் போனவன் நான். அந்தத் தலையாட்டலின் பொருள் அன்றுதான் எனக்குத் தெரிந்தது: "தயவுசெய்து என்னை எழுப்பிக் கேட்காதீர்கள்."

அந்த ஆசிரியை மோசமாகக் கற்பிக்கவில்லை. கோடு, தொனி, பொருள் மூன்றும் அவருக்கு எப்போதோ ஒன்றாகிவிட்டன. எனக்கு அவை மூன்றாகவே இருக்கின்றன என்பது அவர் கண்ணில் படவில்லை. உங்களுக்கு 'வீட்டுக்கு' ஒரு சொல். உங்கள் மாணவருக்கு அது எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நாம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே மனத்தில் பிடித்து வைத்திருக்கும் இடத்தை உளவியலார் செயல்நினைவு என்கிறார்கள். அது வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. ஏறத்தாழ ஏழு பொருள்கள் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பிற்பாடு நெல்சன் கோவன், 2001இல், நான்கு என்று இறக்கினார். (குறளுக்கு ஏழு சீர் என்பதையும் மில்லரின் ஏழையும் முடிச்சுப் போட்டு ஒருவர் பயிலரங்கில் அரை மணி நேரம் பேசியதைக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி யாராவது வாய்த்தால் தேநீர் இடைவேளை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்த நான்கும் நெடுநேரம் நிற்பதில்லை. 1959இல் பீட்டர்சன் தம்பதியர் செய்த சோதனையில், மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, அவற்றை மனத்துக்குள் திரும்பச் சொல்ல விடாமல் எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். 18 விநாடிகளுக்குள் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். அதுவும் வளர்ந்தவர்கள், மூன்றே எழுத்துகளை! "புத்தகத்தில் 34ஆம் பக்கம் எடு, சிவப்புப் பேனா எடு, மேலே தேதி போடு, மூன்றிலிருந்து ஏழு வரை செய், ஐந்தை விட்டுவிடு" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பேனாவோடு விழிக்கும் பிள்ளையைக் 'கவனக்குறைவு' என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். பிரிட்டனில் சூசன் கேதர்கோல் போன்றவர்கள் செயல்நினைவு குறைந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னதும் இதுதான். ஆசிரியர்கள் அவர்களைப் பற்றிச் சொல்லும் முதல் குறை, சொன்னதைக் கேட்பதில்லை என்பது. உண்மையில் அந்தப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், கேட்டதைப் பிடித்து வைக்கத்தான் இடம் போதாமல் போயிருக்கும்.

நான்கு பொருளுக்குத்தான் இடம் என்றால் மனிதன் எதையும் கற்க முடியாதே என்பீர்கள். காலையில் உங்கள் கோப்பிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். "கோப்பி ஓ கொசோங் ஒன்று, தே சி பெங் இரண்டு, கோப்பி காவ் ஒன்று, தே ஓ சியூ டாய் ஒன்று" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் அங்கிள் எதையும் எழுதிக்கொள்வதில்லை. பால் உண்டா, எந்தப் பால், சர்க்கரை எவ்வளவு, சூடா குளிரா, எத்தனை கோப்பை என்று பிரித்தால் இருபது விவரத்துக்குக் குறையாது. அவருக்கு 'தே சி பெங்' ஒரே பொருள். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு அது மூன்று: தே (தேநீர்), சி (ஆவியாக்கிய பால்), பெங் (ஐஸ்). இருவரின் மூளையும் ஒரே அளவுதான். அங்கிளிடம் பல்லாண்டு கட்டிய பொட்டலங்கள் இருக்கின்றன. கற்பது என்றால் உதிரிகளைப் பொட்டலமாகக் கட்டுவது என்றே நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988இல் எழுதிய கட்டுரைதான் 'அறிதல் சுமை' என்ற பேச்சுக்கு அடிப்படை. கற்கும்போது அந்தச் சிறிய செயல்நினைவின் மேல் ஏறும் பாரம்தான் அது. சுமையில் ஒரு பங்கு பாடத்திலேயே இருப்பது, இன்னொரு பங்கு பாடத்தை நாம் நீட்டும் விதத்தில் வருவது. மூன்றாவதாக ஒன்றையும் பயிற்சி நூல்களில் பார்ப்பீர்கள். பின்னாளில் சுவெல்லரே அதைத் தனிச் சுமையாகக் கணக்கிடுவதைக் கைவிட்டுவிட்டார், அதனால் நாமும் விட்டுவிடலாம்.

நாம் கூட்டும் சுமையை இன்றைக்கே இறக்கிவிடலாம் என்பதால் அதை முதலில் பார்ப்போம். உங்கள் படவில்லைகள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு இரவு உழைப்பு என்று தெரியும். துள்ளும் சித்திரங்களை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் ரசித்தது அவற்றைத்தான், வேற்றுமையை அல்ல. திரையில் இருக்கும் வாக்கியத்தை நீங்களும் உரக்க வாசிக்காதீர்கள். அவர்கள் கண்ணால் ஒரு வேகத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க, உங்கள் குரல் வேறு வேகத்தில் காதில் ஓடுகிறது. இரண்டில் ஒன்றைத் தள்ளுவதே அவர்களுக்கு ஒரு வேலையாகிறது. வாசிக்க விட்டு மௌனமாக இருங்கள், அல்லது திரையை வெறுமையாக்கிவிட்டுப் பேசுங்கள். நீங்கள் பேசும்போது அவர்கள் குறிப்பெடுக்க வேண்டாம். பயிற்சித்தாளில் உரைப்பகுதி முன்பக்கம், உருபு அட்டவணை பின்பக்கம், கேள்வி அடுத்த தாள் என்று இருந்திருக்கும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் அப்படித்தான் அச்சாகிறது. தாளைப் புரட்டும் அந்த ஒரு விநாடியில்தான் உங்கள் பையனுக்கு எல்லாம் காணாமல் போகிறது. ஒரே பக்கத்தில், கேள்விக்குப் பக்கத்திலேயே உருபை வையுங்கள்.

சொற்பொருளும் அப்படியே. உரைப்பகுதியின் கடைசியில் அருஞ்சொற்பொருள் போடுவது நம் பழக்கம். சுவெல்லரும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1990களின் பிற்பகுதியில் இதையே சோதித்தார்கள். தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பொருள் அந்தச் சொல்லின் அருகிலேயே இருந்தால் பத்தி நன்றாக விளங்கியது. தேர்ந்த வாசகர்களுக்கு அதே குறிப்பு இடைஞ்சலாக இருந்தது. இந்த இரண்டாவது பாதியை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

இனி பாடத்திலேயே இருக்கும் சுமை. அதைக் கரைக்க முடியாது, வரிசைப்படுத்தத்தான் முடியும். நம் இலக்கணத்தின் குணம் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. எந்த உளவியல் நூலும் உதவாது.

உங்கள் பயிற்சித்தாளில் யாராவது 'எறும்பு மரம்இல் ஏறியது' என்று எழுதியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். நீங்களும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருப்பீர்கள். அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு வேற்றுமை தெரிந்திருக்கிறது! எந்த உருபு என்று சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 'மரம்' என்பது 'மரத்து' என்று மாற வேண்டும் என்பதைச் செய்ய மட்டும் இடம் போதவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக நிற்பது தமிழில் பின்னால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைவில் வைக்க வேண்டும். எட்டில் ஒன்றைப் பொறுக்க வேண்டும், அதிலும் 'இல்' ஐந்தாம் வேற்றுமையிலும் நிற்கிறது, ஏழாம் வேற்றுமையிலும் நிற்கிறது. பெயரின் உருவத்தை மாற்ற வேண்டும். அடுத்த சொல் க, ச, த, ப என்று தொடங்கினால் ஒற்று மிகுமா என்றும் யோசிக்க வேண்டும். நான்கு இடங்களுக்குள் எத்தனை வந்துவிட்டன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நான் என்றால் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் 'கு' மட்டும். அதுவும் இகரத்திலும் ஐகாரத்திலும் முடியும் பெயர்களில் மட்டும்: தம்பிக்கு, பாட்டிக்கு, பள்ளிக்கு, கடைக்கு, சந்தைக்கு. இவற்றில் பெயரின் உருவம் மாறுவதில்லை, புதியதாக வருவது உருபு ஒன்றுதான். மறுநாள் அதே பெயர்களில் 'ஐ': தம்பியை, பாட்டியை, கடையை. இடையில் 'ய்' வருவதைப் பற்றி உடம்படுமெய் என்று வாயைத் திறக்காதீர்கள், காது தானாகப் பிடிக்கும். பிறகு 'தம்பியை அழைத்தான்', 'தம்பிக்குக் கொடுத்தான்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரை, யாருக்கு என்று அம்புக்குறி போட்டு வரையச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் கட்டைப் படம் (அளவுகளை நீளக் கட்டங்களாகக் காட்டும் படம்) வரைந்து பழகியவர்கள். 1980களில் நம் பாடத்திட்டத்தில் புகுந்த அந்த முறை, தலையில் சுமக்க வேண்டிய உறவைத் தாளில் இறக்கி வைப்பதைத் தவிர வேறென்ன? தமிழ் வகுப்புக்கு வந்ததும் அந்த நல்ல பழக்கத்தை நாம் பையில் வைக்கச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாம் நாள் அண்ணனுக்கு, அப்பாவுக்கு. அதன் பிறகே மரத்துக்கு, பணத்துக்கு. வீட்டுக்கு, காட்டுக்கு, ஆற்றுக்கு எல்லாம் அதற்கும் அடுத்து. முழு அட்டவணையைக் கடைசியில் காட்டுங்கள், அப்போது அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்தவற்றின் பட்டியலாக இருக்கும்.

ஒற்று? இந்த இரண்டு வாரங்களுக்குக் கண்டுகொள்ளாதீர்கள். நீங்கள் கொடுக்கும் தாளில் 'தம்பிக்குக் கொடுத்தான்' என்று சரியாக அச்சடியுங்கள், கண் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிள்ளை 'தம்பிக்கு கொடுத்தான்' என்று எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். இதைச் சொன்னதற்காக என்னோடு பேசாமல் இருக்கும் மூத்த தமிழாசிரியர்கள் இருவர் உண்டு. தேக்கா சந்தையில் எதிரே பார்த்தால் காய்கறியைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இருக்கட்டும்.

பயிற்சித்தாளை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தரும் என்பது என் அனுபவம். விளக்கியவுடன் பத்து வெற்றுக் கோடுகளைக் கொடுக்கிறோம். சுவெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கணக்குகளைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குப் போட்டு முடித்த கணக்கு ஒன்று, போட வேண்டிய கணக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது பகுதியினருக்குப் படிக்க எடுத்த நேரமும் குறைவு, பிறகு அதே வகைக் கணக்குகளில் வேகமும் கூடுதல், பிழையும் குறைவு. தமிழில் அது இப்படி இருக்கும். முதல் வரி முழுவதும் எழுதியது: பாட்டி + கு = பாட்டிக்கு; 'பாட்டிக்குக் கண்ணாடி வேண்டும்'. இரண்டாவது வரியில் 'தம்பி + கு = தம்பி' வரை நீங்கள் எழுதி, மீதியை விட்டுவிடுங்கள். மூன்றாவதில் 'கடை' மட்டும். நான்காவது வரியில் எதுவும் இல்லை, சொல்லும் வாக்கியமும் அவர்களுடையது. முதல் வரியை வெறுமனே பார்த்துவிட்டுத் தாவிவிடுவார்கள், அதனால் "இங்கே ஏன் 'கு' வந்தது?" என்று பக்கத்து மாணவரிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். "விடையை ஆசிரியரே எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நான்காவது வரியைக் காட்டுங்கள்.

வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், முடியாத காரியமா என்று. பாட்டியோடு தமிழ் பேசி வளரும் பிள்ளை 'வீடு'வையும் 'கு'வையும் சேர்த்துப் புணர்ச்சி செய்து பேசுவதில்லை. 'வீட்டுக்கு' என்ற பொட்டலம் அதன் காதில் ஆயிரம் முறை விழுந்திருக்கிறது. மற்றப் பிள்ளை ஒவ்வொரு முறையும் உதிரிகளிலிருந்து கட்டுகிறது. அறிவில் குறைவு ஒன்றும் இல்லை, கோப்பிக்கடையில் நேற்றுச் சேர்ந்தவன், அவ்வளவுதான். அதற்கு மருந்து இலக்கணம் அல்ல, வாய்ப்பழக்கம். இலக்கணத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம், எழுத்தே இல்லாமல்: "எங்கே போகிறாய்?" "கடைக்கு." "எங்கே போகிறாய்?" "வீட்டுக்கு." "யாருக்கு வாங்கினாய்?" "அம்மாவுக்கு." வேகமாக, விளையாட்டாக, வரிசை வரிசையாக. வேற்றுமை என்ற சொல் அந்த ஐந்து நிமிடத்தில் வரக்கூடாது.

அதே ஞாபகத்தில் கட்டுரை வகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். படத்தைப் பார்த்துக் கதையும் கட்டி, சொல்லும் தேடி, எழுத்துப்பிழையும் பார்த்து எழுது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நான்கு பைகளை ஒரே கையில் தூக்குவது. கதையை முதலில் வாயால் முடிவு செய்யட்டும். அந்த ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் யோசித்தாலும் நான் தடுப்பதில்லை. அடுத்த பதினைந்து நிமிடம் தமிழ் மட்டும். திருத்தும்போதும் ஒரு வகைப் பிழையை மட்டும் வட்டமிடுங்கள்.

மேலே ஒரு பாதியை மறக்காதீர்கள் என்றேனே, அது இங்கே வருகிறது. தேர்ந்தவர்களுக்கு இந்த உதவிகள் தடையாகின்றன என்பதை 2003இல் கல்யுகாவும் சுவெல்லரும் வேறு இருவரும் விரிவாக எழுதினார்கள். உங்கள் வகுப்பில் பாட்டி வளர்த்த பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பாதி எழுதிய வரிகளில் உட்கார வைத்தால் சன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள், தப்பில்லை. முதல் மூன்று வரிகளைத் தாண்டி நேரே நான்காவது வரிக்குப் போகச் சொல்லுங்கள். மற்றவர்களிடமிருந்தும் ஊன்றுகோலை எடுக்க வேண்டிய நாள் வரும். அது எந்த நாள் என்பதற்கு எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், ஐந்து வாக்கியங்கள். விளக்கிய அன்றே வரும் சரியான விடையை நான் நம்புவதில்லை.

துறைத் தலைவரிடம் போய் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய பயிற்சித்தாள் ஒன்று, நான்கு வரிப் புதிய தாள் ஒன்று, இரண்டையும் மேசையில் வைத்து, அடுத்த முறை இதைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுங்கள்.

அந்தக் கடைசி வரிசைப் பையனை இரண்டாவது வரிசைக்கு மாற்றுங்கள். அங்கே தொலைவு குறைவு, திரும்பிப் பார்க்கக் கூச்சமும் குறைவு. அவன் 'தம்பி'யோடு விட்டுவைத்த வரியை என்ன செய்தான் என்று எனக்கு எழுதுங்கள்.